ஆயில் லைட்டை அணைத்த அவதாரம்

அந்தமான் தீவுகளில் வண்டி வைத்திருப்போருக்கும், வண்டி வைத்திருப்போருக்கு மைத்துனராக வாய்த்தோருக்கும், லிஃப்ட் கேட்டே காலம் தள்ளுவோருக்கும் மிக முக்கியமான அறிவிப்பு. இன்ஜினில் எண்ணெய் குறைந்தால் இனி எண்ணெய் ஊற்ற வேண்டியதில்லை. டேஷ்போர்டில் எரியும் அந்தச் சிவப்பு ஆயில் லைட்டை அணைத்துவிட்டால் போதும். அணைப்பதற்கென்றே ஒரு மகான் கடல் கடந்து வந்து நடு அந்தமானின் ரங்கத் என்ற ஊரில் எழுந்தருளியிருக்கிறார்.

சக்கரம் கண்டுபிடித்த நாளிலிருந்து வண்டிகளுக்கு நடந்த ஆகப் பெரிய நன்மை இதுதான் என்று பக்தவத்சலம் மைக்கில் அறிவித்தார். பக்தவத்சலம் யாரென்றால், அரசாங்க ஆபீஸில் முப்பது வருடம் சூப்பரிண்டெண்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். இப்போது தீப சேவா சமிதியின் தலைவர். மைக் அவருடையது. பந்தல் அவருடையது. பந்தலுக்கு எதிரே இருந்த எண்ணெய்க் கடையும், வேறு யாருடையதாக இருக்கும், அவருடையதுதான்.

மகானின் பெயர் தீபானந்த சுவாமிகள். காவி வேட்டி, காவிச் சட்டை, காவிக் கைக்குட்டை. விரல் நகங்களின் இடுக்கில் மட்டும் எவ்வளவு கழுவினாலும் போகாத ஒரு கறுப்பு. அது யாகப் புகை என்றார் பக்தவத்சலம். மெக்கானிக் ஷெட்டில் இரண்டு நாள் வேலை பார்த்தவர்களுக்கும் அந்த யாகப் புகை ஒட்டும். அதை யாரும் யோசிக்கவில்லை. யோசிக்கிறவர்களுக்குப் பந்தலில் இடமும் இல்லை.

கூட்டம் என்றால் கூட்டம். மாயாபந்தரிலிருந்து ஜீப்புகள். கதம்தலாவிலிருந்து வேன்கள். போர்ட் பிளேர் பத்துபஸ்தியிலிருந்து ஒருவர், எரிகிற லைட்டோடு பாதி தீவைத் தாண்டி, அதை அணைக்க வந்திருந்தார். வழியில் எத்தனையோ கடையில் இன்ஜின் ஆயில் விற்கிறார்கள். அதையெல்லாம் கடந்துதான் வந்தார். பக்தி என்பது இதுதான்.

சுவாமிகளின் தத்துவம் ஆழமானது. தினமும் மூன்று வேளை அருளினார்.

"உங்க வண்டி எங்க பொறந்துச்சு? மெயின்லேண்ட்ல. அங்க ரெண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடி, அப்புறம் கப்பல்ல ஏறி வந்துச்சு. சரியா?"

"சரி சாமி!"

"ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு காவல் தெய்வம் உண்டு. வண்டிக்கு ஃப்ரெய்ட் கட்டுனீங்க. தெய்வத்துக்கு டிக்கெட் எடுத்தீங்களா?"

கூட்டம் திகைத்தது. ஒருவரும் எடுக்கவில்லை.

"அது சென்னைத் துறைமுகத்துலயே நிக்குது. அங்கிருந்து வண்டியைக் கூப்பிடுது. அந்தக் கூப்பாடுதான் இந்தச் சிவப்பு. கடல் தாண்டிய தோஷம்! நல்லா உத்துப் பாருங்க, அதுல என்ன படம் போட்டிருக்கு? மூக்கு நீட்டுன விளக்கு. மூக்கு நுனியில ஒரு சொட்டு. அம்மன் விளக்கு எண்ணெய் கேக்குது!"

இந்த இடத்தில் சுவாமிகள் உண்மைக்கு ஒரு விரற்கடை தூரம் வரை வந்துவிட்டார். சட்டென்று சுதாரித்துத் திரும்பிப் போய்விட்டார். கேட்பது அம்மன் அல்ல, இன்ஜின் என்று சொல்லியிருந்தால் அன்றே பந்தலைப் பிரித்திருக்கலாம்.

பரிகாரம் இதுதான். இரண்டாயிரத்து நூற்றியொரு ரூபாய் காணிக்கை. அத்தோடு ஐந்து லிட்டர் நல்லெண்ணெய், அகண்ட தீபத்துக்கு. அகண்ட தீபம் என்பது ஒரு பெரிய டிரம். அதன் வாயில் சுண்டு விரல் பருமனுக்கு ஒரு திரி எரிந்துகொண்டிருந்தது. டிரம்முக்குள் போன எண்ணெய் எங்கே போனது என்று கேட்கக் கூடாது. எதிர்க் கடையில் நல்லெண்ணெய் சரக்கு தீர்ந்ததே இல்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். கப்பல் வராத வாரத்திலும் தீரவில்லை.

இப்படியாக, எண்ணெய் இல்லாத இன்ஜின்கள் வரிசையில் நிற்க, எண்ணெய் முழுவதும் ஒரு டிரம்முக்குள் போய்க்கொண்டிருந்தது.

தீவுக்கு வெளியே இருப்பவர்கள் கேட்கலாம்: இது என்னய்யா, லைட் எரிந்தால் ஓரமாக நிறுத்தி எண்ணெய் பார்க்க மாட்டார்களா?

அங்கேதான் இந்த ஊர்க்காரர்களின் சங்கடம் இருக்கிறது. ரங்கத்திலிருந்து போர்ட் பிளேர் போக வேண்டுமானால் ஜாரவா பழங்குடி மக்களின் காட்டைக் கடக்க வேண்டும். காட்டு முனையில் உள்ள கேட்டில் காத்திருந்து, குறித்த நேரத்தில், போலீஸ் காவலோடு எல்லா வண்டியும் ஒரே வரிசையாகப் போகும். கான்வாய் என்று பெயர். நடுவில் நிறுத்தக் கூடாது. இறங்கக் கூடாது. அந்தக் காடு அவர்களுடையது, சட்டம் நியாயமானது. ஆனால் அந்தச் சட்டத்தோடு பத்து இருபது வருடம் ஓட்டிய டிரைவர் ஒரு பாடத்தைத் தப்பாகப் படித்துக்கொண்டான். லைட் எரிந்தாலும் நிறுத்த முடியாது. நிறுத்த முடியாதபோது எரிகிற லைட், தொல்லை. தொல்லையை என்ன செய்வது? சிலர் அதன்மேல் சந்தனப் பொட்டு வைத்து மறைத்தார்கள். சிலர் முருகன் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். முருகன் பின்னாலிருந்து சிவப்பாக ஜொலித்தார். அதையும் கும்பிட்டார்கள்.

முத்துவீரன் ஸ்டிக்கர் கட்சி.

அவனுடைய வண்டி ஏழு பேர் உட்காரும் பழைய டீசல் வண்டி. மீட்டரில் மூன்று லட்சத்து நாற்பதாயிரம் கிலோமீட்டர். கடல் காற்று தின்றது போக மிச்சமிருந்த தகரம். கிளப்பினால் பின்னால் நீலப் புகை. வயதான இன்ஜின் எண்ணெய் குடிக்கும். பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கும், கொஞ்சம் எரியும், கொஞ்சம் ஒழுகும். வயதான மனிதர் அடிக்கடி டீ கேட்பதைப் போல. இதில் அதிசயமும் இல்லை, அவமானமும் இல்லை. வாரம் ஒரு முறை அளவுக் கம்பியை உருவிப் பார்த்து, குறைந்ததை ஊற்ற வேண்டும். அவ்வளவுதான் அந்த இன்ஜின் அவனிடம் கேட்டது.

முத்துவீரன் பார்க்க மாட்டான். பார்த்தால் ஏதாவது தெரிந்துவிடுமே என்ற பயம்.

"மெக்கானிக்கிட்ட போனா இன்ஜினைத் திறக்கணும்பான். திறந்தா ஸ்பேர் கப்பல்ல வரணும்பான். ரெண்டு மாசம் வண்டி நிக்கும்" என்பான்.

"மெக்கானிக்கிட்டயா போகச் சொன்னேன்? கம்பியை உருவிப் பாருங்கன்னேன்" என்பாள் விஜயகுமாரி, அவன் மனைவி.

இரண்டு பேரின் குடும்பமும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி, நிக்கோபாரில் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்து, பிறகு ரங்கத்தில் ஒதுங்கியவர்கள். விஜயகுமாரிக்கு டீசல் பவர் ஹவுஸில் ஷிஃப்ட் ஆபரேட்டர் வேலை. மணிக்கு ஒரு முறை ஜெனரேட்டரின் ஆயில் பிரஷரைப் பார்த்து ரிஜிஸ்டரில் எழுதுவாள். பதினோரு வருடமாக எழுதுகிறாள். ஆயில் பிரஷர் விஷயத்தில் தீவிலேயே அவளைவிட அதிகம் எழுதியவர் கிடையாது. வீட்டில் மட்டும் அவள் பேச்சுக்கு மதிப்பில்லை. வீட்டு ஆபரேட்டருக்கு எந்த வீட்டில்தான் மதிப்பு?

ஸ்டிக்கருக்குப் பின்னால் சிவப்பு முதலில் ஒரு வளைவில் மட்டும் மின்னியது. அந்த வளைவில் எப்போதோ ஒரு லாரி கவிழ்ந்தது. பேய்தான் என்று முடிவு கட்டினான். வளைவில் திரும்பும்போது இன்ஜினுக்கு அடியில் உள்ள எண்ணெய்ச் சட்டிக்குள் இருக்கிற கொஞ்ச எண்ணெயும் ஒரு பக்கம் ஒதுங்கும், பம்ப்புக்கு எட்டாது, லைட் மின்னும். பேய்க்கு இதில் எந்த வேலையும் இல்லை. பிறகு எல்லா வளைவிலும் மின்னியது. பிறகு நேர்ச் சாலையிலும். பேய்கள் பெருகிவிட்டன என்று நினைத்தான்.

அந்த வாரம் பார்த்துத்தான் அவன் தங்கை ஷோபனாவுக்கு டாக்டர் நாள் குறித்தார். முதல் பிரசவம். ஒன்பதாம் மாதம். குழந்தை குறுக்கே கிடக்கிறது. "வெள்ளிக்கிழமைக்குள்ள போர்ட் பிளேர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடணும். வலி வந்த பிறகு போகலாம்னு இருந்துடாதீங்க." அவள் கணவன் கப்பலில் வேலை, நடுக்கடலில் இருந்தான். கொண்டுபோக வேண்டியது அண்ணன். அண்ணனிடம் இருந்தது அந்த வண்டி. நடுக்காட்டில் அது நின்றால் முன்னாலும் வண்டி, பின்னாலும் வண்டி, பக்கத்தில் ஆஸ்பத்திரி கிடையாது.

பயந்தான். பயந்தவன் நேராகப் பெட்ரோல் பங்குக்குப் போய் எண்ணெய் வாங்கியிருக்கலாம். பந்தலுக்குப் போனான்.

போவதற்கு முன் ஹல்தார் தாதாவின் கதையைச் சொல்லிவிட வேண்டும். வங்காளத்திலிருந்து வந்து குடியேறியவர் (அவர்கள் பேச்சில் தாதா என்றால் அண்ணன்), வேன் ஓட்டுபவர். சுவாமிகளிடம் முதல் வாரமே குணமானவர். ஒன்பதாம் நாள் எட்டுப் பயணிகளோடும் இரண்டு ஆடுகளோடும் போகும்போது அவர் வேன் இன்ஜின் ஒரு முனகு முனகி இறுகிவிட்டது. ஆடுகள் முதலில் இறங்கின. தாதா பஸ் பிடித்து வந்து பந்தலில் நின்று கத்தினார்.

"ஸ்வாமிஜி! காடி ஜாம் ஹோ கயா! இன்ஜின் கதம்!"

சுவாமிகள் கண்ணை மூடித் திறந்தார். "அன்னைக்கு என்ன சாப்பிட்டே?"

"மச்லி."

கூட்டம் உச்சுக் கொட்டியது. மீன்! ஒரு வங்காளி, தீவில் வாழ்கிறவன், மீன் சாப்பிட்டிருக்கிறான்! இதைவிடப் பெரிய பாவம் உண்டா?

"சரி, இன்ஜின் நிக்கிறப்ப லைட் எரிஞ்சுதா?" என்று குறுக்கு விசாரணை செய்தார் பக்தவத்சலம்.

"நஹி."

"அப்புறம் என்னய்யா? லைட்டை அணைக்கிறதாத்தானே சுவாமி சொன்னார்? அணைஞ்சேதான் இருக்கு. இன்ஜினைப் பத்தி அவர் வாக்குக் குடுக்கலையே!"

கைதட்டல். முத்துவீரனும் கைதட்டினான்.

வியாழக்கிழமை காலை முத்துவீரனின் வண்டி வரிசையில் நின்றது. கணக்குப் பார்த்ததில் அது நூற்றியெட்டாவது. பக்தவத்சலத்துக்குப் புல்லரித்தது. சாயங்காலம் விழா, மாலை, ஷீல்டு என்று அங்கேயே அறிவித்தார்.

சடங்கு எளிமையானது. பானெட்டைத் திறந்ததும் வண்டிக்காரர் கிழக்கே பார்த்துக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். சுவாமிகள் பானெட் மீது பட்டுத் துணியைப் போர்த்தி, அதற்குள் தலையையும் இரு கையையும் நுழைத்துக்கொள்வார். உள்ளேயிருந்து மந்திரம் வரும். இடையிடையே 'டிக்' என்று ஒரு சத்தம். மூன்று நிமிடத்தில் வெளியே வருவார். ஸ்டார்ட் செய்தால் லைட் இல்லை!

முத்துவீரன் ஸ்டிக்கரைப் பிய்த்துவிட்டுப் பார்த்தான். இருட்டு. சுத்தமான, புனிதமான இருட்டு. அழுதேவிட்டான்.

சுவாமிகள் பானெட் கொக்கியில் மஞ்சள் கயிற்றைக் கட்டி முடிச்சுப் போட்டார். "இருபத்தோரு நாள் பானெட்டைத் திறக்கக் கூடாது. வீட்டுல யாராவது மாசமா இருக்காங்களா?"

"தங்கச்சி, சாமி."

"சந்தேகப்பட்டுத் திறந்தா, தோஷம் வண்டியை விட்டு வயித்துக்குப் போகும்."

பிறக்காத குழந்தையைப் பூட்டாக்கி ஒரு பானெட்டைப் பூட்டினார் அந்த மகான்.

மத்தியானம் ஷிஃப்ட் முடிந்து விஜயகுமாரி வந்தாள். கையில் ஐந்து லிட்டர் இன்ஜின் ஆயில் டப்பா. காலையிலேயே சொல்லி வைத்து வாங்கியிருந்தாள்.

"அதெல்லாம் வேணாம் குமாரி. குணமாயிடுச்சு! ஏக்தம் கிளீன்!" என்று குதித்தான் முத்துவீரன். நூற்றியெட்டாவது கதையை முழுவதும் சொன்னான். அழுததை மட்டும் சொல்லவில்லை.

"சாவியைக் குடுங்க."

"எதுக்கு?"

"குடுங்கன்னா."

வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். சாவியைப் பாதி மட்டும் திருப்பினாள். ஸ்டார்ட் செய்யவில்லை. பேட்டரி லைட் எரிந்தது. ஹேண்ட் பிரேக் லைட் எரிந்தது. ஆயில் லைட் இருக்க வேண்டிய இடம் கறுப்பாக இருந்தது.

"பாத்தியா! பாத்தியா!" என்றான் அவன்.

"பாத்தேன். இப்ப இன்ஜின் ஓடுதா?"

"இல்ல."

"இன்ஜின் ஓடலைன்னா ஆயில் பிரஷர் இருக்குமா?"

"எப்படி இருக்கும்?"

"பிரஷர் இல்லைன்னு சொல்றதுக்குத்தானே அந்த லைட்டு? அப்ப இப்ப அது எரியணுமா வேணாமா?"

முத்துவீரன் யோசித்தான். சுவாமிகள் வந்த பதினைந்து நாளில் இது முதல் முறை. பழக்கமில்லாததால் முகம் கோணியது.

"ஷிஃப்டுக்குப் போனதும் நாங்க என்ன செய்வோம் தெரியுமா?" என்றாள் விஜயகுமாரி. "பேனல்ல ஒரு பட்டன் இருக்கு. லாம்ப் டெஸ்ட். அதை அழுத்தினா அபாய லைட்டு அத்தனையும் எரியணும். எரிஞ்சாத்தான் அதுக்கு உயிர் இருக்குன்னு அர்த்தம். எரியாத லைட்டை நம்பி எவனும் ஜெனரேட்டர் ஓட்ட மாட்டான். உங்க சாமி லைட்டை அணைக்கல, சாகடிச்சிருக்கான். பானெட்டைத் திறங்க."

அவன் பானெட்டின் குறுக்கே கையை விரித்து நின்றான். "திறந்தா தோஷம் ஷோபனா வயித்துக்குப் போகும்னு சொல்லியிருக்காரு!"

வாசலில் உட்கார்ந்திருந்த ஷோபனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். "அண்ணா, காட்டுக்குள்ள வண்டி நின்னுச்சுன்னா எங்க போகும்?"

அவன் விரித்த கையை மடக்கவில்லை.

"சரி, நான் திறக்கல" என்றாள் விஜயகுமாரி. "விழாவுக்கு வர்றேன். சாமிகிட்ட ஒரே ஒரு கேள்வி கேக்குறேன். ஆனா அது வரைக்கும் இன்ஜினை ஸ்டார்ட் பண்ணக் கூடாது."

"அப்ப எப்படிப் போறது?"

"தள்ளிக்கிட்டுத்தான்."

மைதானம் அரைக் கிலோமீட்டர். ஷோபனாவை உள்ளே உட்கார வைத்து, தெருக்காரர்கள் ஆறு பேர் சேர்ந்து தள்ளினார்கள். குணமான வண்டியைத் தள்ளிக்கொண்டு, குணமாக்கியவருக்கு நன்றி சொல்லப் போன அந்த ஊர்வலத்தைப் பார்த்து யாருக்கும் சிரிப்பு வரவில்லை. நாதஸ்வர ரெக்கார்டு பலமாக இருந்தது.

மைதானத்தில் குணமான வண்டிகள் முப்பது நாற்பது வரிசையாக நின்றன. மேடையின் பக்கத்தில் தனிப் பந்தலில் சுவாமிகளின் சொந்த வெள்ளை வண்டி, மாலையோடு. அதுவும் கப்பலில் வந்த பழைய வண்டிதான். மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடியது. முதன்முதலில் தோஷம் நீங்கியது அதற்குத்தான் என்று தினமும் மூன்று வேளை சொல்லப்பட்டது. பெண்கள் அதன் டயருக்குக் குங்குமம் வைத்தார்கள்.

பக்தவத்சலம் இருபது நிமிடம் பேசினார். மூன்று நிமிடம் சுவாமியைப் பற்றி, மிச்சம் தன்னைப் பற்றி. பிறகு, "நூற்றியெட்டாவது வண்டியின் குடும்பத் தலைவி தம் அனுபவத்தை இரண்டு வார்த்தை சொல்வார்" என்று விஜயகுமாரியிடம் மைக்கை நீட்டினார். அவர் வாழ்க்கையில் கொடுத்த ஒரே உருப்படியான மைக் அது.

"வணக்கம்" என்றாள் விஜயகுமாரி. "குணமான வண்டிக்காரங்க எல்லாரும் அவங்கவங்க வண்டியில ஏறி உக்காருங்க. சாவியைப் பாதி திருப்புங்க. ஸ்டார்ட் பண்ண வேணாம். ஆயில் லைட் எரியுதா?"

"எரியல!" "நஹி!" "லேது!" என்று மூன்று மொழியில் கோஷம் எழுந்தது. சுவாமிகள் கண்மூடிப் புன்னகைத்துக் கையை உயர்த்தினார்.

"நல்லது. இப்ப சாமி வண்டியையும் அதே மாதிரி பாப்போம்."

உயர்ந்த கை அப்படியே நின்றது. "அது எதுக்கும்மா?"

"தாராளமா பாக்கட்டும்!" என்று குறுக்கே விழுந்தார் பக்தவத்சலம். "நமக்கு என்ன ஒளிவு மறைவு? இந்தாங்க சாவி!" சாவிக்கொத்து அவர் இடுப்பில்தான் தொங்கியது. தலைவர் அல்லவா. அதைக் கூட்டத்தில் முன்னால் நின்றவரிடம் தூக்கிப் போட்டார். முன்னால் நின்றவர் ஹல்தார் தாதா.

தாதா வெள்ளை வண்டியில் ஏறினார். சாவியைப் பாதி திருப்பினார். அடுத்த நொடி பாதி உடம்பு வெளியே வந்து அலறினார்.

"லால் பத்தி! சிவப்பு லைட் எரியுது! ஸ்வாமிஜி கா காடி மே தோஷ் ஹை!"

நாதஸ்வர ரெக்கார்டை யாரோ நிறுத்தினார்கள்.

"அது… குருவின் வண்டி" என்றார் சுவாமிகள். "அதில் எரிவது ஜோதி."

"தாதா, ஸ்டார்ட் கரோ" என்றாள் விஜயகுமாரி.

இன்ஜின் பூனைபோல உறுமியது. நன்றாக எண்ணெய் ஊற்றி வளர்த்த இன்ஜின். "புஜ் கயா! அணைஞ்சுது!" என்றார் தாதா.

"ஜோதி ஏன் சாமி அணைஞ்சுது?" என்றாள் விஜயகுமாரி. "ஓடாதப்ப எரியணும், ஓடினா அணையணும். அதான் உயிரோட இருக்குற லைட்டு. ஊர்ல இருக்குற அத்தனை வண்டிக்கும் கண்ணைக் குத்திட்டு, உங்க வண்டிக்கு மட்டும் ஏன் கண்ணை விட்டு வச்சிருக்கீங்க?"

சுவாமிகளுக்குக் கோபம் வந்தது. காவிக்குள்ளிருந்து சந்திரசேகர் வெளியே வந்தார். அதுதான் பெற்றோர் வைத்த பெயர், தொழில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் என்பதெல்லாம் பிறகு போலீஸ் சொல்லித் தெரிந்தது. "இந்தாம்மா, மரியாதையா இறங்கு! கயித்தை எவனாவது தொட்டீங்க, அந்தப் புள்ளத்தாச்சிக்கு என்ன ஆகும்னு நான் பொறுப்பில்ல!"

கூட்டம் ஷோபனாவைப் பார்த்தது.

ஷோபனா வண்டியிலிருந்து மெல்ல இறங்கினாள். ஒரு கையை இடுப்பில் ஊன்றி முன்பக்கம் வந்தாள். மஞ்சள் கயிற்றை விரலில் சுற்றி ஒரே இழுப்பு. அறுந்தது.

"என் வயிறு. பொறுப்பு நானே எடுத்துக்குறேன்" என்றாள். "அண்ணா, திற."

திறந்தான்.

இன்ஜினின் பக்கவாட்டில், ஆயில் பிரஷர் ஸ்விட்சிலிருந்து பிடுங்கிய ஒயர் ஒன்று, கறுப்பு இன்சுலேஷன் டேப்பில் சுருட்டி, ஓரமாகச் செருகியிருந்தது. விஜயகுமாரி டேப்பைப் பிரித்தாள். ஒயரை அதன் இடத்தில் மாட்டினாள். 'டிக்' என்று சத்தம் கேட்டது. காலையில் மந்திரத்துக்கு நடுவே கேட்ட அதே டிக். முத்துவீரன் சாவியைப் பாதி திருப்பினான். சிவப்பு எரிந்தது. அந்தச் சிவப்பைப் பார்த்து இந்த முறையும் அழுதான்.

அவள் அளவுக் கம்பியை உருவினாள். துடைத்தாள். சொருகினாள். மறுபடி உருவிக் கூட்டத்துக்கு உயர்த்திக் காட்டினாள். நுனியில்கூட ஈரமில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். மைதானம் முழுவதும் பானெட்டுகள் முதலை வாய் போல ஒவ்வொன்றாகப் பிளந்தன. ஒவ்வொன்றிலும் அதே ஒயர், அதே கறுப்பு டேப், அதே முடிச்சு. தொழிலில் மனிதர் ஒழுங்கானவர். அதை மறுக்க முடியாது.

"இதுக்கா அஞ்சு லிட்டர் நல்லெண்ணெய்!" என்று யாரோ கத்தினார்கள். கூட்டம் டிரம்மைப் பார்த்துத் திரும்பியது. அந்தக் கணத்தில் சந்திரசேகர் தாதாவை வெள்ளை வண்டியிலிருந்து தள்ளிவிட்டு ஏறிப் பறந்தார். மாலை பின்னால் இழுபட்டுக்கொண்டே போனது.

யாரும் துரத்தவில்லை. எதற்குத் துரத்த வேண்டும்? தீவில் ஓடுவதற்கு ஒரே சாலை. வழியில் வண்டிகளை ஏற்றிக் கடத்தும் படகு உண்டு, காட்டுக்குக் கேட் உண்டு. இரண்டும் சாயங்காலத்தோடு மூடிவிடும். கடல் தாண்டிய தெய்வங்களை நொடியில் வரவழைத்தவர், விடியும் வரை படகுத் துறையில் கொசுக்கடியில் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் விடியற்காலையில், விஜயகுமாரி வாங்கிய டப்பாவிலிருந்து எண்ணெய் ஊற்றிய வண்டியில் ஷோபனாவை ஏற்றிக்கொண்டு முத்துவீரன் அந்தத் துறைக்கு வந்தபோது, மாலை வாடிய வெள்ளை வண்டி ஓரமாக நின்றிருந்தது. பக்கத்தில் இரண்டு போலீஸ்காரர்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து சாவியைப் பாதி திருப்பி, அணைத்து, மறுபடி திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். செய்தி படகுக்கு முன்பே வந்துவிட்டது.

கான்வாய் கிளம்பியது. முத்துவீரன் சாவி போட்டான், சிவப்பு எரிந்தது, கிளப்பினான், அணைந்தது. காட்டுக்குள் அத்தனை வளைவிலும் அது எரியவில்லை. ஒரு பேயும் வரவில்லை. பின்சீட்டுக்கு அடியில் மிச்ச ஆயில் டப்பா உருண்டுகொண்டே வந்தது. நான்காம் நாள் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து ஷோபனாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தோஷம் எதுவும் இல்லை. மூக்கு மட்டும் மாமன் மூக்கு.

பக்தவத்சலம்? அவருக்கு என்ன. ஆரம்பத்திலிருந்தே தமக்குச் சந்தேகம் இருந்ததாகவும், கையும் களவுமாகப் பிடிப்பதற்காகவே கூட இருந்ததாகவும் மைக்கில் அறிவித்தார். மூடநம்பிக்கை ஒழிப்புக் குழு ஒன்று தொடங்கி அதற்கும் தாமே தலைவரானார். எதிர்க் கடையில் இப்போது இன்ஜின் ஆயில் விற்கிறார்கள். அன்று அவர் விழாவில் கைதட்டிய அதே கூட்டம் இதற்கும் கைதட்டியது.

கைதட்டுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது. தட்டுவதற்கு முன் ஒரே ஒரு காரியம். எவனாவது அதிசயம் என்று சொன்னதும், உங்கள் தலைக்குள் ஒரு சின்ன அபாய விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் நல்லது. எரியவே இல்லை என்றால் நிம்மதி அடையாதீர்கள். உங்கள் ஒயரை எவனோ எப்போதோ பிடுங்கிவிட்டான். தேடிப் பிடித்து மாட்டுங்கள்.

போர்ட் பிளேரிலிருந்து திரும்பிய முத்துவீரனிடம் அன்று பந்தல் வரிசையில் நின்ற பழைய பக்தர் ஒருவர் ரகசியமாகக் கேட்டார்: "அது போகட்டும் முத்துவீரா, உன் வண்டிக்கு உண்மையிலேயே என்னதான்யா தோஷம்?"

மூன்று லிட்டர் எண்ணெய் குறைவாக இருந்தது.